பழவேற்காட்டுக்குப் படகு வேண்டும்

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தலைவாசல் உண்டு. கோயில் நகருக்குத் தேரோடும் வீதி தலைவாசல். மலையூருக்கு மலைப்பாதை தலைவாசல். துறைமுகப் பட்டினத்துக்கோ தண்ணீரே தலைவாசல். தலைவாசல் வழியே வருகிறவனுக்குத்தான் வீட்டின் முகம் தெரியும். கொல்லைப்புறமாக நுழைந்து கொல்லைப்புறமாகவே வெளியேறுகிறவன், "இந்த வீட்டில் என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்பான். நம் கல்லூரிக்கு அருகிலேயே, நாம் அனைவரும் கொல்லைப்புறமாகவே போய்வரும் பட்டினம் ஒன்று இருக்கிறது. அதுதான் பழவேற்காடு.

பொன்னேரியில் பேருந்து ஏறினால் திருப்பாலைவனம் வழியாக ஒரு மணி நேரத்துக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். விடுமுறை நாட்களில் சென்னையிலிருந்தும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்தும் கூட்டங்கூட்டமாக மக்கள் வருகிறார்கள். மீனும் நண்டும் வாங்குகிறார்கள். பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கலங்கரை விளக்கத்துப் பக்கம் கடலில் கால் நனைக்கிறார்கள். மாலையில் "பழவேற்காடு பார்த்தாயிற்று" என்று திரும்பிவிடுகிறார்கள். என்ன பார்த்தார்கள்? பேருந்து நிலையத்துக்கு அருகே முள்புதர் மண்டிக் கிடக்கும் மேடு ஒரு கோட்டை என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த மேடு ஒரு காலத்தில் கடல் கடந்த நாடுகளின் வாணிகத்துக்குத் தலைமையிடமாக இருந்தது என்று சொன்னால் எத்தனை பேர் நம்புவார்கள்?

வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டில் பயணிகளுக்கென முறையான, பாதுகாப்பான, மீனவர்களே நடத்துகின்ற சிறு படகுப் போக்குவரத்து நிலையாக அமைய வேண்டும். இதை நான் பொழுதுபோக்குக்காகக் கேட்கவில்லை. அந்த ஊரின் வரலாறு தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். தடை ஒன்றினால் மட்டும் உயிர்களைக் காத்துவிட முடியாது. ஏரியை நம்பி வாழ்பவர்களுக்கு ஏரியின் வருங்காலத்திலும் பங்கு இருக்க வேண்டும். இம்மூன்று காரணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சிறு படகு செய்த பட்டினம்

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கின்றன. பெரியபாளையத்தைத் தொட்டு, நம் பொன்னேரியைக் கடந்து செல்லும் ஆரணியாறு தெற்கே அதில் கலக்கிறது. வடக்கே காளங்கியும் சுவர்ணமுகியும் கலக்கின்றன. முகத்துவாரத்தின் வழியே வங்கக் கடல் உள்ளே வருகிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவு சுவர்போல் படுத்திருக்கிறது. ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான்.

இவ்வளவு ஆழமற்ற ஏரியின் கரையில் பெருந்துறைமுகம் எப்படி எழுந்தது? இந்தக் கேள்விக்கு விடை சிறு படகில் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் அந்நாளைய பெருங்கப்பல்கள் கரையை நெருங்க இயலாது. அவை கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கரையிலிருந்து சிறு படகுகள் அலைகளைத் தாண்டிச் சென்று சரக்கை ஏற்றும், இறக்கும். அப்படகுகளுக்குப் புயலும் அலையும் இல்லாத ஒதுக்கிடம் வேண்டும் அல்லவா? அந்த ஒதுக்கிடத்தை இயற்கையே இங்கு ஏரியாக அமைத்துக் கொடுத்தது. கப்பல் இந்த ஊரை உண்டாக்கவில்லை. படகுதான் உண்டாக்கியது என்று கூறினால் மிகையாகாது.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் வாழ்ந்த துவார்த்தே பார்போசா என்னும் போர்ச்சுகீசியர் தம் நூலில் பழவேற்காட்டைக் குறிப்பிட்டிருக்கிறார். அப்போது அது விஜயநகரப் பேரரசின் செழிப்பான துறைமுகம். முஸ்லிம் வணிகர்களும் இந்து வணிகர்களும் அங்கே நிறைந்திருந்தனர். பர்மாவின் பெகுவிலிருந்து மாணிக்கக் கற்கள் வந்து இறங்கின. போர்ச்சுகீசியரின் காலத்தில் வேரூன்றிய மகிமை மாதா கோயில், விஜயநகரக் காலத்தை நினைவூட்டும் ஆதிநாராயணப் பெருமாள் கோயில், அரபு நாட்டு முன்னோரின் வழிவந்தவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் தொழுகின்ற பள்ளிவாசல்கள் ஆகியவை இன்றும் கூப்பிடு தூரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்டும் நிழற்கடிகாரம் இருக்கிறது. வேறு எந்த ஊரில் இத்தனையையும் ஒரு காலை நேரத்தில் நடந்தே பார்த்துவிட முடியும்?

போர்ச்சுகீசியருக்குப் பின் டச்சுக்காரர் வந்தனர். 1610இல் அவர்கள் பழவேற்காட்டில் வாணிகம் செய்ய உடன்பாடு பெற்றனர். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கினர். அதன் விளைவாக 1613இல் எழுந்ததே கெல்திரியா கோட்டை. எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! சென்னைப் பட்டினத்துக்கு ஆங்கிலேயர் நிலம் பெற்றது 1639இல்தான். அதாவது, நாம் 'மாநகரம்' என்று அண்ணாந்து பார்க்கும் சென்னை மணல்மேடாகக் கிடந்தபோதே, நம் பக்கத்து ஊர் ஐரோப்பாவின் வாணிக ஏடுகளில் இடம்பெற்றுவிட்டது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடமாகப் பழவேற்காடே விளங்கியது. 1825இல் அது முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

டச்சுக்காரர் இங்கே எதற்காக வந்தனர்? துணிக்காக வந்தனர். இந்தோனேசியத் தீவுகளில் விளைந்த கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் அத்தீவு மக்கள் வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியையே விரும்பிப் பெற்றனர். ஆகவே, நம் பக்கத்து நெசவாளியும் சாயக்காரரும் செய்த துணி இங்கிருந்து கப்பலேறியது. அங்கிருந்து நறுமணப் பொருளாக மாறி ஐரோப்பா சென்றது. கட்டம் போட்ட வண்ணக் கைக்குட்டைக்கு ஆங்கில அகராதியில் 'புலிகாட்' என்றே ஒரு பெயர் இருக்கிறது. இங்கே நாணயம் அச்சடித்தார்கள், வெடிமருந்தும் செய்தார்கள்.

கல்லறைகள் சொல்லாத கணக்கு

இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பயில்கிறவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் பசியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்களை டச்சுக் கம்பெனி விலைக்கு வாங்கி, பழவேற்காட்டிலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் அடிமைகளாகக் கப்பலேற்றியது. இன்று ஜகார்த்தா என்று வழங்கும் பத்தேவியா நகருக்கு அவர்கள் கொண்டுபோகப்பட்டனர்.

டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு நான் மூன்று முறை சென்றிருக்கிறேன். தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது. நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்களைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே கம்பெனி அதிகாரிகளுக்கும் அவர்தம் மனைவி மக்களுக்கும் குலச்சின்னங்களோடும் எழுத்துகளோடும் கூடிய கல்லறைகள். நானூறு ஆண்டு மழையையும் உப்புக்காற்றையும் தாங்கி நிற்கும் அந்த எழுத்தின் நேர்த்தி வியக்கத் தக்கதே. ஆனால், கப்பலேறிய அடிமைகளுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. விற்றவனுக்குக் கல்லறை இருக்கிறது. விற்கப்பட்டவனுக்கு ஒரு பெயர்கூட இல்லை.

அவர்கள் சென்ற வழி எது? தண்ணீர் வழி. கரையிலிருந்து சிறு படகில் ஏறி, ஏரியைக் கடந்து, முகத்துவாரம் தாண்டி, நங்கூரமிட்ட கப்பலை அடைந்திருப்பார்கள். கரையில் நின்று அந்தக் கல்லறைகளை மட்டும் பார்க்கிறவனுக்கு டச்சுக்காரரின் கதைதான் கிடைக்கும். படகில் ஏறி ஊரைத் திரும்பிப் பார்க்கிறவனுக்கே, கடைசியாக ஒரு முறை இந்தக் கரையைத் திரும்பிப் பார்த்தவர்களின் கதை மனத்தில் தைக்கும்.

நண்பனுடைய தந்தையின் படகில் சென்றபோது எனக்கு அப்படித் தைத்தது. அவர் ஏரியில் தொழில் செய்பவர். வலை போட்டிருந்த இடத்தைப் பார்க்கப் போகும்போது என்னையும் உடன் அழைத்துச் சென்றார். ஏறுமுன், "நீச்சல் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். கிணற்றில் பழகியிருக்கிறேன் என்றேன். "கெணறு வேற, இது வேற. நடுவுல உட்காரு, எழுந்து நிக்காத" என்றார். அந்தப் படகு எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்டபோது, "ஏழு பேரு. எட்டாவது ஆளு யாரா இருந்தாலும் கரையிலதான் நிக்கணும்" என்று சொன்னார். நீண்ட கழியை ஊன்றித் தள்ளியே பாதித் தூரம் சென்றோம். ஊரிலிருந்து பார்த்தால் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் கிடக்கும் கோட்டை மேடும், பள்ளிவாசலும், மாதா கோயிலும், எதிர்க்கரையின் கலங்கரை விளக்கமும் தண்ணீரிலிருந்து பார்த்தபோது ஒரே படத்தின் பகுதிகளாக இணைந்து நின்றன. கோட்டை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது புத்தகத்தில் படித்து விளங்காதது, அந்த அரை மணி நேரத்தில் விளங்கியது. ஏரியிலிருந்து யார் வந்தாலும் அதன் கண்ணில் படாமல் வர முடியாது.

தாது வருடத்துக் கால்வாய்

நீர்வழிப் பயணம் நமக்குப் புதிதன்று. நம் பகுதியில் தெற்கு வடக்காக ஓடும் பக்கிங்காம் கால்வாய் ஒரு காலத்தில் நெடுஞ்சாலையாகவே இருந்தது. 1806இல் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய அக்கால்வாய், பின்னர் பழவேற்காடு ஏரியைக் கடந்து ஆந்திரத்துக்குள் நீண்டது. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக மக்கள் வெட்டினர். அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த நீர்வழியில் உப்பும், விறகும், நெல்லும், கிளிஞ்சலும் சென்னைக்குச் சென்றன. பாவேந்தர் பாரதிதாசன் இக்கால்வாய் வழியே மாமல்லபுரத்துக்குப் படகில் சென்ற அனுபவத்தை 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதையாக்கினார். பயணத்தின் இன்பத்தோடு நில்லாமல், கயிறு கட்டிப் படகை இழுத்துச் சென்ற தொழிலாளரின் துன்பத்தையும் அவர் கண்டார். படகில் ஏறுகிறவன் படகை ஓட்டுகிறவனையும் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்தும்.

சாலையும் இரயிலும் வந்தபின் கால்வாய் தேய்ந்தது. 1960களிலும் 1970களிலும் வீசிய புயல்கள் அதைச் சிதைத்தன. சென்னைக்குள் பறக்கும் இரயிலின் தூண்கள் அதன் நடுவிலேயே எழுந்தன. 2008இல் இக்கால்வாயையும் உள்ளடக்கித் தேசிய நீர்வழி எண் 4 அறிவிக்கப்பட்டது. அறிவிப்பில் தண்ணீர் ஓடியது, கால்வாயில் ஓடவில்லை. பெருந்திட்டங்களுக்காகக் காத்திருப்பதைவிட, இருக்கின்ற ஏரியில் ஒழுங்காக நான்கு படகு விடுவது நடக்கக்கூடிய காரியம் அல்லவா?

அந்தக் கிறிஸ்துமஸ் நாள்

"படகு, படகு என்கிறாயே, 2011ஐ மறந்துவிட்டாயா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மறக்கவில்லை. நம் வட்டாரத்தில் அதை மறந்தவர் எவரும் இருக்க முடியாது. 2011 டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்க வந்தவர்கள் ஏறிய படகு பழவேற்காட்டில் கவிழ்ந்தது. 22 உயிர்கள் போயின. குழந்தைகளும் பெண்களும் அதில் இருந்தனர். அதன்பின் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை விதிக்கப்பட்டது.

அன்றைய நிலையில் தடை சரியான நடவடிக்கையே. தீப்பிடித்த வீட்டில் முதலில் ஆட்களை வெளியேற்ற வேண்டும். ஆனால், வெளியேற்றியதோடு வேலை முடிந்துவிடுமா? ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வந்து தண்ணீரைப் பார்த்து நிற்கும் இடத்தில், "ஏறாதே" என்ற ஒரு சொல் மட்டும் எத்தனை நாள் காவல் காக்கும்? ஆசை ஒருபுறம், வருமானத் தேவை மறுபுறம். இரண்டும் யாருமறியாமல் சந்திக்கும்போது அங்கே உயிர்காப்பு அங்கி இராது, ஆள் எண்ணிக்கை இராது, கேட்பவரும் இரார். வெளிச்சத்தில் நடக்கும் பயணத்துக்கு விதி போடலாம். இருட்டில் நடப்பதற்கு யார் விதி போடுவது? தடையை வெறுமனே நீக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. தடை இருந்த இடத்தில் ஒழுங்கை வையுங்கள் என்கிறேன்.

கேரளம் கற்ற பாடம்

இதில் கேரளத்தின் அனுபவத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில் சுற்றுலா சென்ற பள்ளிக் குழந்தைகள் 15 பேரும் ஆசிரியர் மூவரும் படகு மூழ்கி இறந்தனர். 2009 செப்டம்பரில் தேக்கடியில் கவிழ்ந்த படகில் 45 பேர் மாண்டனர். அது அரசுத் துறைக் கழகத்தின் படகு. ஆகவே, அரசுப் படகு என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பது முதல் பாடம். கேரளம் படகுகளை நிறுத்திவிடவில்லை. 2010இல் உள்நாட்டுக் கலங்களுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. ஆயினும், 2023 மே மாதம் தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். பழவேற்காட்டில் இறந்த அதே எண்ணிக்கை! விதி ஏட்டில் இருந்தால் போதாது, துறையில் நிற்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம்.

மூன்றாவது பாடமும் உண்டு. அதே கேரளத்தில் 1968 முதல் அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை இயங்கி வருகிறது. பள்ளி மாணவரும் அலுவலரும் பேருந்தில் ஏறுவதுபோல் அதன் படகுகளில் ஏறி இறங்குகின்றனர். 2017இல் வைக்கத்தில் 75 பேர் செல்லக்கூடிய 'ஆதித்யா' என்னும் சூரிய ஆற்றல் படகு ஓடத் தொடங்கியது. புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. வெகுதூரம் போவானேன்? நம் பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டினூடே துடுப்புப் படகுகள் செல்லவில்லையா? நாடாளுமன்றம் 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை நிறைவேற்றி, கலங்களின் பதிவுக்கும் ஆய்வுக்கும் ஓட்டுநரின் தகுதிக்கும் வழிவகை செய்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, படகு இருக்கிறது, ஓட்டத் தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். இம்மூன்றையும் ஒரு துறையில் கொண்டுவந்து கட்டுவது ஒன்றே மிச்சம்.

ஏரியின் சொந்தச் சட்டம்

இதை யார் நடத்துவது? வெளியூர் முதலாளி ஒருவர் குத்தகைக்கு எடுத்து, கரையில் சொகுசு விடுதி கட்டி, மீனவரைக் கூலிக்கு அமர்த்தினால் அது நான் கேட்கும் படகு அன்று. ஏரியை அறிந்தவர்களே அதை நடத்த வேண்டும். அதற்கான முறையையும் நாம் வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. அது பழவேற்காட்டிலேயே இருக்கிறது.

'பாடு' என்று அதற்குப் பெயர். ஏரியில் இறால் விழும் நல்ல இடங்கள் சிலவே. வலிமையுள்ளவன் அவற்றை வளைத்துக்கொண்டால் எளியவன் பட்டினி கிடப்பான். ஆகவே, எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை வேறு இடம். நம் பொருளாதாரப் பாடத்தில் பொதுவளத்தைப் பங்கிடுவது எப்படி என்று படிக்கிறோமே, அதற்கு ஆராய்ச்சியாளர்கள் பலர் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் ஏற்பாடு இது. இந்தப் பாடு முறையையே பயணப் படகுக்கும் ஏன் வைக்கக் கூடாது? ஒரு நாளைக்கு இத்தனை படகு, ஒரு படகுக்கு இத்தனை பேர், இன்று இவர் முறை, நாளை அவர் முறை. முறை உறுதியாகக் கிடைக்கும் என்று தெரிந்தவன் ஒரே பயணத்தில் எட்டாவது ஆளை ஏற்ற மாட்டான். விபத்துக்கு வேர் பெரும்பாலும் பேராசை மட்டுமன்று. "இன்று விட்டால் நாளை கிடைக்காது" என்ற அச்சமும்தான். அந்த அச்சத்தைப் பாடு முறை நீக்கிவிடும்.

ஏனைய விதிகள் எளியவை. ஒரே ஒரு துறையிலிருந்துதான் படகு புறப்பட வேண்டும். அங்கி அணியாதவர் ஏறக் கூடாது. ஏரியும் கால்வாயும் பயணத்தின் எல்லை. முகத்துவாரத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. ஏரி ஆழமற்றது, ஆனால், ஏரிநீரும் கடலலையும் மோதும் முகத்துவாரம் எவரையும் மன்னிக்காது. காற்று வலுத்தால் படகு இல்லை. அதை முடிவு செய்யும் உரிமை பயணச்சீட்டு விற்பவரிடம் அன்று, மூத்த படகோட்டியிடம் இருக்க வேண்டும்.

சில மறுப்புகள்

"பறவைகளுக்குத் தொல்லை ஆகாதா?" என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1980இல் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகள் செவ்வண்ணம் பூசியதுபோல் நீரில் நிற்கும் காட்சியைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். எனவேதான் நான் இயந்திரப் படகைக் கேட்கவில்லை. கழியாலும் துடுப்பாலும் செல்லும் சிறு படகைக் கேட்கிறேன். பறவைகள் இரை தேடும் பகுதிகளைத் தவிர்த்து வழி வகுக்க வனத்துறையின் ஒப்புதல் வேண்டும்.

"மீனவன் மீன் பிடிக்கட்டும், அவனைச் சுற்றுலா வழிகாட்டி ஆக்குவானேன்?" என்பது மற்றொரு கேள்வி. மீன்பிடித் தொழிலுக்கு மாற்றாக இதை நான் சொல்லவில்லை. ஆனால், ஏரியின் நிலையையும் பார்க்க வேண்டும். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடல்நீர் வராது. கடல்நீர் வராவிட்டால் இறால் குஞ்சு வராது. தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றி அனல் மின்நிலையங்களும் துறைமுகங்களும் எழுந்துவிட்டன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகுகளும் வலைகளும் கரியாகிப் போனதை நாடே பார்த்தது. வாயில் ஓலைப்பறியைக் கவ்விக்கொண்டு, நீருக்குள் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களின் பிழைப்பு அந்தச் சேற்றில்தான் இருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து வருவதன் காரணமும் இதுவே. தொழிற்சாலைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்மில் பலருடைய வீட்டில் உலை கொதிப்பது கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளின் சம்பளத்தில்தான். ஆனால், யாரும் பார்க்காத ஏரியை யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். ஆயிரம் பேர் படகில் சென்று பார்த்த ஏரிக்கு ஆயிரம் சாட்சிகள் இருப்பார்கள். படகு வேண்டும் என்று நான் கேட்பதன் உட்பொருள் இதுதான்.

"அந்நியன் கட்டிய கோட்டைக்கும் கல்லறைக்கும் இவ்வளவு ஆரவாரம் எதற்கு?" என்றும் சிலர் கேட்பர். டச்சுக்காரரைக் கொண்டாடுவதற்கன்று. அவர்கள் வருமுன்பே இங்கே பட்டினம் இருந்தது. அவர்கள் போனபின்னும் மக்கள் இருக்கிறார்கள். கோயிலையும் பள்ளிவாசலையும் மாதா கோயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாழத் தெரிந்தவர்கள் இந்த ஊரார். சாயம் தோய்த்தவன், வலை வீசியவன், பனையோலை முடைந்தவள், அடிமையாகக் கப்பலேறியவன் ஆகிய எல்லோருடைய கதையையும் சேர்த்துச் சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் படகுதான்.

நம்மால் ஆவது

அரசு செய்யட்டும், துறைகள் செய்யட்டும் என்று கைகட்டி நிற்பது மாணவருக்கு அழகன்று. பழவேற்காட்டுக்கு மிக அருகில் உள்ள அரசு கல்லூரிகளுள் ஒன்றில் பயில்கின்ற நமக்கு இதில் கடமை உண்டு. நம் வகுப்புகளிலேயே மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏரி தெரியும்; வரலாற்று மாணவருக்கு ஆண்டுகள் தெரியும்; தமிழ் மாணவருக்குச் சொல்லத் தெரியும்; விலங்கியல் மாணவருக்குப் பறவையும் மீனும் தெரியும். நால்வரும் சேர்ந்தால் பழவேற்காட்டைப் பற்றி நல்ல தமிழில் ஒரு கையேடு எழுத முடியாதா? நாட்டு நலப்பணித் திட்ட முகாமை ஓர் ஆண்டு அங்கே நடத்தி, முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய முடியாதா? விடுமுறை நாட்களில் கோட்டை மேட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை பயணிகளை அழைத்துச் சென்று விளக்க முடியாதா? முறையான படகு வரும் நாளில், அதில் வழிகாட்டிகளாக முதலில் அமரும் தகுதியை இன்றே நாம் தேடிக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் விண்ணுக்குப் பாய்கின்றன. அந்தத் தீவுக்கு எதிர்க்கரையில், அதே ஏரியின் நீரில், தாத்தனின் தாத்தன் ஊன்றிய அதே கழியை இன்னும் ஒருவர் ஊன்றிக்கொண்டிருக்கிறார். இரண்டும் நம்முடையவை. முன்னதைப் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம், அது சரி. பின்னதற்கு ஒரு துறையும், ஒரு விதியும், ஒரு நியாயமான கூலியும் தேடித் தருவோம். 22 பேர் மாண்ட நீரில் இனி ஒருவரும் மாளாமல் பார்த்துக்கொள்வதே அவர்களுக்கு நாம் செய்யும் உண்மையான அஞ்சலி. அதற்கு வழி, ஏரிக்கு முதுகு காட்டுவதன்று. ஏரியை அறிந்தவர் கையில் கழியையும், ஏறுகிறவர் உடலில் அங்கியையும், கரையில் நிற்பவர் கையில் கணக்கையும் கொடுப்பதே.